கருஞ்செதிலும் வெள்ளீயமும்: ஒரே கொக்கியில் பிளாக்ஸ்மித், ஒயிட்ஸ்மித்

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மித்’ என்றால் கைவினைஞர். மரவேலை செய்தவருக்கும் அந்தப் பெயர் உண்டு. ‘ஸ்மைட்’, அதாவது அடி, என்ற வினையிலிருந்து பிறந்தது என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையல்ல. இரும்பு கரிய உலோகம், அதைத் தட்டுபவர் பிளாக்ஸ்மித். வெள்ளீயத்தில் (டின்) வேலை செய்தவர் ஒயிட்ஸ்மித். பிறகு இரும்பை அரத்தால் ராவி மெருகேற்றுபவருக்கும் அதே பெயர் வந்தது. இரண்டு கைவேலையையும் ஒரு சுவர்க் கொக்கியில் செய்து பார்க்கலாம்.

முதல் கட்டம், உலை. 10 மி.மீ. சதுர மைல்ட் ஸ்டீல் கம்பி, 20 செ.மீ. நீளம். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, கம்பி வேண்டவே வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஆரஞ்சு நிறம் வந்ததும் தட்டுங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கினால் மறுபடி உலைக்கு. வெள்ளைப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது, அந்த நுனியை வெட்டி எறிய வேண்டியதுதான். கூர்நுனியைச் சதுரமாகவே இழுத்து, பிறகு எண்கோணம், கடைசியில்தான் வட்டம். எடுத்த எடுப்பில் வட்டமாக உருட்டித் தட்டினால் நடுவே பிளவு விழும். பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான்.

தட்டத் தட்ட உதிரும் கருஞ்செதில் இரும்பு ஆக்சைடு. பட்டடையைத் துடைக்காமல் அடித்தால் அது இரும்புக்குள் பதிந்து குழி விடும்.

அடுத்தது வெள்ளை வேலை. செதிலோடு அரத்தை வைத்தால் அரம் மழுங்கும், அவ்வளவு கடினம் அது. 5 சதவீத வினிகரில் ஓரிரவு ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, சமையல் சோடா நீரில் கழுவி, உடனே உலர்த்துங்கள். தாமதித்தால் கண்ணெதிரே துரு பூக்கும். பிறகு அரம், 120, 240 எண் எமரித் தாள்.

வெள்ளீயம் பூச, துத்தநாகக் குளோரைடுக் கரைசலில் சிறிது நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) கலந்து கொக்கியில் தடவுங்கள். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். கொக்கியின் மேல் வெள்ளீயத்தை வைத்து, சுடர் அதன் மேல் படாமல் கொக்கியின் அடிப்புறத்தைச் சூடாக்குங்கள். உருகியதும் பருத்தித் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துப் பரப்ப வேண்டும். உருண்டு திரண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. கரைசல் கருகிவிட்டால் மறுபடி எமரியிலிருந்து தொடங்க வேண்டும். மஞ்சளாக மங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. இந்தப் புகை மூக்கை அரிக்கும், வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். ஆறியதும் வெந்நீரில் நன்றாகக் கழுவுங்கள்; கரைசல் மிச்சம் தங்கினால் வெள்ளீயத்தின் அடியிலேயே துரு பிடிக்கும்.