முதல் போன் காலிலேயே சொல்லிவிடுவோம்

கருக்கலைப்பை எதிர்க்கும் (புரோ-லைஃப்) கர்ப்பகால உதவி மையங்களின் மாநாட்டில், இங்கே அமெரிக்காவில், பேசக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறையில் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கொடுத்த தலைப்பு. அந்தப் பெண் ஸ்கேன் அறைக்கு வருவதற்கு முன்னால் ஒரு போன் கால் நடக்கிறதே, அதைப் பற்றியும் பேசலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். கடைசியில் பேச்சில் முக்கால்வாசி அதுவாகவே ஆகிவிட்டது.

எங்கள் மையம் போன்ற இந்த மையங்களைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அமெரிக்கா முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன. பெரும்பாலும் சர்ச் மக்களின் நன்கொடையில் ஓடுபவை. கர்ப்பப் பரிசோதனை இலவசம், பல இடங்களில் ஸ்கேனும் இலவசம், பிறகு டயப்பர், குழந்தைத் துணி, உட்கார்ந்து பேச ஒரு ஆள். கருக்கலைப்பு செய்ய மாட்டோம், செய்யும் இடத்துக்கு அனுப்பவும் மாட்டோம். இப்படிப்பட்ட மையங்களின் கூட்டமைப்பான ஹார்ட்பீட் இன்டர்நேஷனல் 1971ல் ஓஹையோவின் டொலீடோவில் தொடங்கியது, அதாவது கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973ன் ரோ தீர்ப்புக்கும் முன்னாலேயே. 2022 ஜூனில் டாப்ஸ் வழக்கில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அதன் பிறகு எங்களைப் பார்க்கிற பார்வை கூர்மையாகிவிட்டது, ஆதரிப்பவர்களிடமும் சரி, எதிர்ப்பவர்களிடமும் சரி.

நான் மேடையில் சொன்னது இதுதான். போனில் ஒரு பெண் "கருக்கலைப்புக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், "முதலில் நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று பதில் சொல்லக்கூடாது. "நாங்கள் கருக்கலைப்பு செய்வதில்லை, அதற்கு அனுப்புவதும் இல்லை. பரிசோதனையும் ஸ்கேனும் இலவசமாகச் செய்வோம், உங்களோடு பேசுவோம். வர விருப்பமா?" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியா 2015ல் ஒரு சட்டம் போட்டது. உரிமம் உள்ள மையங்கள் அரசு தரும் கருக்கலைப்பு உதவியைப் பற்றிப் பலகை வைக்க வேண்டும், உரிமம் இல்லாதவை தங்களுக்கு மருத்துவ உரிமம் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று. இந்த மையங்களுக்குச் சட்ட உதவி செய்யும் நிஃப்லா அமைப்பு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2018ல் 5க்கு 4 என்று ஜெயித்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அரசு எங்கள் வாயில் வார்த்தையைத் திணிக்கக்கூடாது என்று வாதாடிய நாமே, யாரும் திணிக்காமலே உண்மையைச் சொல்ல வேண்டாமா? நாம் மருத்துவமனை இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். இன்சூரன்ஸுக்கு பில் போடாத இலவச மையங்கள் பலவற்றுக்கு நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் ஹிப்பா சட்டம் பொருந்தாது. அப்படியென்றால் அவளுடைய விவரங்களை எப்படி வைத்திருக்கிறோம், யாருக்குக் காட்டுவோம் என்பதைக் காகிதத்தில் எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும்.

பின்வரிசையிலிருந்து ஒரு இயக்குநர் எழுந்தார், இந்த வேலையில் பழுத்தவர். "அப்படிச் சொன்னால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்களே அம்மா, அந்தக் குழந்தைகள்?" என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. அவருடைய கவலை பொய்யில்லை, எனக்கும் அதே கவலைதான். வைத்துவிடட்டும் என்றேன். ஏமாந்து உள்ளே வந்த பெண் பத்து நிமிடத்தில் அதைப் புரிந்துகொள்வாள், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள், தன் தோழிகளிடமும் சொல்வாள். உண்மை தெரிந்து வருகிறவள் மனதில் தயங்கிக்கொண்டு வருகிறவள். அவளுக்குத்தான் நாம் வேண்டும்.

ஸ்கேன் பகுதியையும் விடவில்லை. எங்கள் ஸ்கேன் வரையறுக்கப்பட்டது: கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, இதயத் துடிப்பு தெரிகிறதா, எத்தனை வாரம், அவ்வளவுதான். ஐந்தாவது வாரத்தில் துடிப்பு தெரியவில்லை என்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. ஆனால் டெஸ்ட் பாசிட்டிவ், கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை, ஒரு பக்கம் அடிவயிற்றில் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் என்று சொன்னால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம், குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. "நாளைக்கு டாக்டரைப் பாருங்கள்" என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை, நேராக எமர்ஜென்சிக்கு அனுப்ப வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும். முன்வரிசை நர்ஸ்கள் இதைத்தான் அதிகம் குறித்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதையே 'மாத்திரை ரிவர்சல்' விஷயத்திலும் சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை. கருக்கலைப்புக்கான இரண்டு மாத்திரைகளில் முதலாவதைப் போட்டபின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்து கர்ப்பத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் இதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது. 2019ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வு, பங்கேற்ற சிலருக்குக் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது. மனம் மாறிவிட்டேன் என்று அழுதுகொண்டு கூப்பிடும் பெண்ணிடம் நிச்சயமாக நடக்கும் என்று உறுதி கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

அப்புறம் நெட்வொர்க்கிங். விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வது எனக்கு என்றைக்குமே சரிப்பட்டு வராது, ஆனால் சாப்பாட்டு மேஜையில் கிடைப்பது வேறு. ஒரு கிராமப்புற மையத்தை நடத்தும் பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு கோப்பு இருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டது. மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விண்ணப்பம், விக் (தாய்க்கும் குழந்தைக்குமான அரசு உணவு உதவி) அலுவலகத்தின் நேரம், எந்தப் பேருந்து அங்கே போகும், எந்தக் கிளார்க்கிடம் கேட்டால் வேலை நடக்கும், எல்லாம் அவர் கையெழுத்தில். "கர்ப்பமாக இருக்கும்போது எல்லோரும் கூட இருப்பார்கள், குழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்" என்றார். இந்த நாட்டில் தேசிய அளவில் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு கிடையாது. 1993ன் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லா வேலைக்கும் கிடையாது. இந்தியாவில் அமைப்புசார்ந்த வேலையில் இருப்பவருக்கு 2017லிருந்து 26 வாரம் என்று சொன்னபோது மேஜையில் ஒருவருமே நம்பவில்லை. குழந்தை பிறக்க வேண்டும் என்று போராடுகிற நாம் இந்த விடுப்புக்காக ஏன் மாநிலச் சட்டமன்றத்தில் போய் நிற்பதில்லை என்று கேட்டேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள்.

அங்கேயே சேஃப் ஹேவன் சட்டங்களைப் பற்றியும் பேச்சு வந்தது, 1999ல் டெக்சாஸில் தொடங்கியது. வளர்க்க முடியாத பச்சிளம் குழந்தையைத் தாய் மருத்துவமனை போன்ற இடங்களில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், அதற்காக வழக்கு கிடையாது. நான் சேலத்துக்காரி. 1992ல் எங்கள் ஊரில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததைச் சொன்னேன். அந்தக் கோப்புக்காரப் பெண்மணி நிறைய கேள்வி கேட்டார்: தொட்டிலை எங்கே வைத்தார்கள், விட்டுப்போன தாய் மனம் மாறித் திரும்பி வந்தால் என்ன நடக்கும். தெரிந்ததைச் சொன்னேன்.

அந்தக் கோப்பின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது, எங்கள் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசவேண்டிய வாசகங்களை அவருக்கு அனுப்பிவிட்டேன். மையத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள், தருகிறேன். மருத்துவப் பகுதியை மட்டும் உங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் காட்டி, அவர் சரி சொன்ன பிறகு பயன்படுத்துங்கள்.