மகளின் திரையில் நின்ற எண்

2147483647.

மகள் எழுதிய எண்ணும் நிரல், இன்று மாலை இந்த எண்ணைத் தொட்டதும், அடுத்த அடியில் சட்டென்று கழித்தல் குறிக்குத் தாவிவிட்டது. கழித்தல் எண்களுக்கும் இடம் விட்டால், முப்பத்திரண்டு பிட் (0 அல்லது 1 மட்டும் நிற்கும் கட்டங்கள்) இடத்தில் அடங்கும் முழு எண்களின் மேல் எல்லை அது என்று விளக்கினேன். ஆனால் என் மனம் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது.

இரண்டின் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் இவ்வெண், ஒரு பகா எண்.

இதை 1772இல் நிறுவியவர், பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்திருந்த கணித மேதை ஆய்லர். இதன் வர்க்கமூலத்தை ஒட்டிய 46,341க்குக் கீழே உள்ள 4,700க்கும் மேற்பட்ட பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதற்கு மாறாக, இதற்குப் பகாக் காரணி ஒன்று இருக்குமானால் அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும் என்று அவர் கண்டுகொண்டார். சோதிக்க வேண்டியவை சில நூறு எண்களாகச் சுருங்கின. எவ்வளவு அழகான சுருக்கம்!

அப்படி மீதி தரும் எண்களை மகளின் நோட்டில் நானும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 63, 249 இரண்டும் பகா எண்கள் அல்ல. 311 பகா எண். அதனால் 2147483647ஐ வகுத்தால் மீதி 35. அதற்குப் பிறகு இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாம் வரிசையாக உடைந்துபோக, அடுத்த பகா எண்ணாக 1303 வந்து நின்றது. பொறுமையாக வகுத்தோம். மீதி 226.

மூன்றாவதை அவளே தேடிக்கொண்டிருக்கிறாள்.