இடது பின் ஜாக்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறைக்குள் நுழைந்தால் கடைப் பலகைகளில் எழுத்து மாறும், பேச்சு பெரிதாக மாறாது. மண்ணும் மாறாது. மலப்புரம் பக்கம் வேலை பார்த்துப் பழகியவர்களுக்குக் கேரளா என்றாலே வெட்டுக்கல் பூமி, கிரேனைத் தாங்க வெளியே நீட்டி ஊன்றும் காலான ஜாக்கை எங்கே போட்டாலும் பாறை மாதிரி நிற்கும் என்ற நினைப்பு. ஆனால் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில் பல இடங்களில் கிடப்பது கரிசல். என் அம்மா பிறந்த ஊரே அந்தப் பக்கம்தான், எனக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

நான் கிரேன் ஓட்டுபவன் இல்லை, ரிக்கிங் பார்ப்பவன், அதாவது பாரத்தைக் கட்டித் தூக்க ஏற்பாடு செய்பவன். எடை, தூரம், பாரத்தைக் கட்டும் பெல்ட், அதை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள், எங்கே வண்டியை நிறுத்துவது, யார் கை காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. அந்த முறை ஒரு அரிசி ஆலையில் வேலை. நெல் அவிக்கும் பாய்லரை மாற்றுகிறார்கள். புது பாய்லர் 8.6 டன். ஹூக், பெல்ட், ஷேக்கிள் எல்லாம் சேர்த்து 9.4 டன் என்று எடுத்துக்கொண்டோம். ஷெட்டின் கூரைத் தகடைக் கழற்றிவிட்டு, 7 மீட்டர் சுவருக்கு மேலாகத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். கீழே கான்கிரீட் மேடையில் எட்டு போல்ட் நிற்கிறது. போல்ட் 30 மில்லி, பாய்லர் காலில் இருக்கும் துளை 34 மில்லி. நட்டநடுவில் வந்தால் சுற்றிலும் 2 மில்லி இடைவெளி. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் தாராளம்.

50 டன் கிரேன் பேசினோம். 12 மீட்டர் தூரத்தில், தூக்கும் கையான பூமை 20 மீட்டருக்கு நீட்டி, ஜாக்குகளையும் முழுக்க நீட்டி நிறுத்தினால் 12 டன் தாங்கும் என்றது அந்த வண்டியின் சார்ட், எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை. 9.4 டன்னுக்கு இது போதும். இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. அங்கேதான் தப்பு. கிரேன் சார்ட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும், வண்டி மட்டமாகவும் கெட்டியான தரையிலும் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. கேபினுக்குள் ஓவர்லோடு அலாரம் அடிக்கும் மீட்டருக்கும் பூமின் நீளமும் கோணமும் எடையும்தான் தெரியும். ஜாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஆனி மாதக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது சும்மா இருக்காது. மலைத்தொடரில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான சந்து அது. தென்மேற்குப் பருவக்காற்று முழுக்க அந்த வழியாகத்தான் பொள்ளாச்சிப் பக்கம் வந்து விழும். பத்து மணிக்கு மேல் தென்னை மட்டை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதனால் விடியற்காலையிலேயே தூக்கிவிடலாம் என்று ஆபரேட்டர் அண்ணன் சொன்னார். சங்ககிரிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து ஜாக் போட்டுவிட்டோம். ஒவ்வொரு ஜாக்குக்கும் கீழே, 1.2 மீட்டருக்கு அறுத்த ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் நான்கு நான்காக. எங்கே போனாலும் இதைத்தான் வைப்போம், வழக்கம்.

இடம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆலைக்குப் பின்னால் டிராக்டர் போய்வந்து இறுகிய களம். மேலே காய்ந்து, நகக்கண் அகலத்துக்கு வெடித்திருந்தது. காலால் மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அவ்வளவுதான் என் மண் பரிசோதனை!

மறுநாள் காலை ஆறரைக்குத் தூக்கினோம். பூம் இடது பின் மூலைக்கு மேலாகத் திரும்ப வேண்டிய அமைப்பு. அப்படித் திரும்பும்போது பாரத்தில் பெரும்பங்கு அந்த ஒரு ஜாக்கில்தான் போய் உட்காரும். எதிர் மூலையில் இருக்கும் வலது முன் ஜாக் லேசாகிவிடும், அதன் தட்டைக் காலால் தட்டினால் ஆடும். பாய்லரைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தச் சொன்னேன். இந்தப் பழக்கத்தை மட்டும் நான் விடுவதில்லை. ஒரு சாண் தூக்கி, ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அதற்குள் ஆலை முதலாளி இரண்டு முறை கடிகாரம் பார்த்துவிடுவார். பார்க்கட்டும்.

ஜாக் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஒரு கம்பியை அடித்து அதில் நூல் கட்டி, நூல் உயரத்துக்கு ஜாக் காலில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தோம். ஹெல்ப்பர் தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். இடது பின் ஜாக்கில் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"அண்ணா, கோடு நூலுக்குக் கீழ போயிருச்சுங்."

"எவ்வளவு?"

"ரெண்டு வெரக்கடை இருக்கும்."

ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 40 மில்லி. ஸ்லீப்பர் ஓரத்தில் மண் பிதுங்கி, ஒரு உதடு மாதிரி மேலே வந்திருந்தது. ஜாக்குக்கு ஜாக் 6 மீட்டர். ஒரு பக்கம் 40 மில்லி இறங்கினால், 17 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம் தலை 11 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நாங்கள் தேடுவதோ 2 மில்லி. அதைவிடப் பெரிய கவலை, இறங்குவது அங்கே நிற்குமா என்பது. பூம் சாய்ந்தால் தூரம் கூடும், தூரம் கூடினால் அந்த ஜாக்கில் பாரம் கூடும், பாரம் கூடினால் இன்னும் இறங்கும். பல கிரேன்கள் கவிழ்வது இப்படித்தான், கம்பி அறுந்து அல்ல.

"எறக்குங்கண்ணா" என்று கை காட்டினேன். அவர் மறுபேச்சு பேசாமல் இறக்கினார். அப்புறம்தான் பேசினார். "நெம்ப எறங்கலயே தம்பி, ஜாக்க ஏத்தி லெவல் பண்ணிட்டு தூக்கிரலாம்ல?" காற்று வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. எனக்கும்தான். ஆனால் பாரத்தோடு ஜாக்கை ஏற்றுவது செய்யவே கூடாத வேலை. பாரமில்லாமல் ஏற்றி மட்டம் பார்த்துவிட்டுத் தூக்கினால் மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி இறங்கும். மாட்டேன் என்றேன்.

ஒரு 12 மில்லி கம்பியைக் கூராக்கி அந்த இடத்தில் குத்திப் பார்த்தேன். முதல் ஒரு சாணுக்குச் சுத்தியலால் அடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கையால் அழுத்தினாலே போனது, முழங்கை ஆழம் வரை. வெளியே எடுத்தால் கம்பி முழுக்கக் கறுப்பாக, கேப்பைக் களி மாதிரி மண் அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நெல் ஊறவைத்த தண்ணீரின் புளித்த வாடை.

அந்த வாடைக்குப் பிறகு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊறல் தொட்டியிலிருந்து கழிவுநீர் போகும் குழாய் அந்தக் களத்துக்கு அடியில்தான் போகிறது. எத்தனை வருடமாக எந்த இணைப்பில் ஒழுகியதோ! மேலே வெயிலில் காய்ந்த ஓடு, உள்ளே கூழ். கரிசலின் குணம் இது. அதிலிருக்கும் களிமண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காய்ந்த கரிசலுக்கே சதுர மீட்டருக்கு 15 டன்னை ஒட்டித்தான் கணக்கில் எடுப்பார்கள். நனைந்துவிட்டால் அதில் பாதியைக்கூட நம்பக்கூடாது.

முந்தின நாள் போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்போதுதான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து போட்டேன். வண்டி 40 டன், தூக்கும் பாரம் 9.4, சேர்த்தால் ஏறக்குறைய 50. மூலைக்கு மேல் பூம் வரும்போது, மொத்தத்தில் முக்கால் பங்கு ஒரே ஜாக்கில் வரும் என்று வைத்துக்கொள்வது கைக்கணக்கு. அதாவது 37 டன். ஜாக் தட்டு 40 சென்டிமீட்டர் வட்டம். அதை வெறும் தரையில் வைத்தால் சதுர மீட்டருக்கு 290 டன்னுக்கு மேல். எங்கள் நான்கு கட்டைகள் சேர்ந்து 1.2 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 31 டன். வெட்டுக்கல்லில் இது தாங்கியது, அதனால்தான் வழக்கமாகிவிட்டது. இங்கே எப்படித் தாங்கும்?

முதலாளியிடம் இரண்டு நாள் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற அவருடைய பெரியப்பா ஒரு கதையை எடுத்துவிட்டார். பழைய பாய்லரை இந்த ஆலைக்கு இறக்கியது கிரேன் இல்லையாம், பேப்பூரிலிருந்து வந்த கலாசிகளாம், கையாலேயே பெரும் பாரம் தூக்குகிற ஆட்கள். மர வின்ச், கப்பி, வடம், அதோடு ஒரு பாட்டு. "பெருமண்ணில ரயிலு காயல்ல விழுந்தப்ப பெட்டியத் தூக்கினவங்க அவங்க" என்றார். 1988 ஜூலையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்த விபத்தைச் சொல்கிறார். மாப்பிள்ளை முஸ்லிம்களான அந்தக் கலாசிகள் அங்கே பெட்டிகளை மீட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் தலையாட்டினேன். அவர்கள் வடம் கட்டுவதற்கு முன்னால் கல்லையும் மரத்தையும் எத்தனை நேரம் தட்டிப் பார்த்திருப்பார்கள் என்று மட்டும் அந்த நேரத்தில் தோன்றியது, சொல்லவில்லை.

குழாய் வால்வை மூடச் சொன்னோம். வண்டியை ஒன்றரை மீட்டர் முன்னால் நகர்த்திப் போட்டால் ஒழுகும் இடத்திலிருந்து கொஞ்சம் விலகலாம், ஆனால் தூரம் கூடிவிடும், சார்ட் இடம் கொடுக்காது. ஆக அதே இடம்தான். ஜேசிபி வைத்து இடது பின் ஜாக் இருந்த இடத்தில் இரண்டரை மீட்டருக்கு 3.2 மீட்டர், 60 சென்டிமீட்டர் ஆழம் தோண்டினோம். பாதி ஆழத்திலேயே ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. கூழை முழுக்க அள்ளி வெளியே போட்டுவிட்டு, 40 மில்லி ஜல்லியும் கிரஷர் பொடியும் இரண்டு அடுக்காகக் கொட்டி இடித்தோம். இரண்டு யூனிட் ஜல்லி போனது.

அதற்கு மேல் முழு நீள ஸ்லீப்பர். பிராட்கேஜ் மர ஸ்லீப்பர் 2.75 மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம். எட்டு கட்டையை இடைவெளி விடாமல் போட்டால் 5.5 சதுர மீட்டர். அதன் மேல் குறுக்காக 2 மீட்டருக்கு அறுத்த ஆறு கட்டை, நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு, தகடின் மத்தியில் ஜாக் தட்டு. இப்போது 37 டன்னைப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 7 டன்கூட இல்லை, ஜல்லிக்குக் கீழே அது இன்னும் குறையும். முழுக் கட்டை ஒன்று 70, 80 கிலோ இருக்கும். அவற்றை இறக்க உள்ளூர் யூனியன் ஆட்களைக் கூப்பிட்டேன். கேரளா என்றதும் நம்மூரில் நோக்குகூலிக் கதை சொல்வார்கள், வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கே கேட்கிற கூலி. அதை 2018 மே 1 முதல் அரசே தடை செய்துவிட்டது. வந்தவர்கள் வேலை பார்த்துத்தான் கூலி வாங்கினார்கள், எங்கள் ஆட்களைவிட வரிசையாக அடுக்கினார்கள்.

மற்ற மூன்று ஜாக்குகளிலும் கம்பி குத்திப் பார்த்தோம். அங்கே கம்பி அரையடிக்கு மேல் போகவில்லை. இருந்தாலும் கட்டையைக் கூட்டினேன். டயர் எல்லாம் தரையை விட்டு எழும்பும்வரை ஜாக் ஏற்றி, ரசமட்டத்தை வண்டிச் சட்டத்தில் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்தோம். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சரிவு இருக்கக்கூடாது என்பது பொது விதி. போல்ட்டில் உட்கார வைக்கிற வேலைக்கு நான் குமிழி நடுக்கோட்டைத் தொடும்வரை விடமாட்டேன். அப்புறம் பாரமில்லாமல் பூமை ஒரு சுற்று நான்கு மூலைக்கும் திருப்பிவிட்டு, மறுபடி ரசமட்டம். கட்டைகள் இறுகுவது அந்தச் சுற்றில்தான்.

மூன்றாம் நாள் காலை. ஒரு சாண் தூக்கி நிறுத்தினோம். பத்து நிமிடம். தம்பி ஸ்கேலோடு குனிந்தான். 4 மில்லி. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தோம். அதே 4 மில்லி. ஆபரேட்டர் அண்ணன் கேபினிலிருந்து என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்தார்.

சுவரைத் தாண்டியதெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து மெதுவாகக் கொண்டுபோனோம். கடைசி ஒரு அடிதான் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆபரேட்டருக்குத் தெரியாது. உள்ளே ஒருவன் "பதுக்கெ" என்கிறான், இன்னொருவன் "மெல்ல" என்கிறான், மூன்றாவது ஆள் "வலிக்க்" என்று கத்துகிறான், இழு என்று அர்த்தம். எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, சுவர் மேல் நின்ற ஒரே ஆள் கை காட்டுவது என்று வைத்தோம். மூலைவிட்டமாக இரண்டு போல்ட்டில் கூராகக் கடைந்த தொப்பிகளைத் திருகியிருந்தோம். பாய்லர் கால் முதலில் அவற்றில் நுழைந்தால் மற்ற ஆறும் தானாக வரும்.

இறக்கும்போது இன்னொன்று இருக்கிறது. பாரத்தில் பூம் கொஞ்சம் வளைந்துதான் நிற்கும். எடை மேடையில் உட்கார உட்கார பூம் நிமிரும், தலை வண்டிப் பக்கம் வரும், பாய்லரையும் கூட இழுக்கும். பாதி எடை உட்கார்ந்த நேரத்தில் போல்ட் துளையின் ஓரத்தில் போய் இறுகிக்கொள்வது இதனால்தான். கம்பியை இரண்டு விரல் விட்டால், பூமைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மறுபடி கம்பி, மறுபடி பூம். அண்ணன் அதை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி செய்தார். நாலாவது தடவையில் எட்டு காலும் மேடையில் படிந்தன. ஒரு நட்டை எடுத்து விரலாலேயே சுற்றினேன், அடிவரை போனது. மணி ஒன்பது ஐம்பது. வெளியே தென்னை மட்டைகள் சரசரக்க ஆரம்பித்திருந்தன.

மத்தியானம் கட்டைகளைப் பிரித்தபோது முதலாளி வந்து ஜல்லியைப் பார்த்தார். இரண்டு யூனிட் பில் யார் கணக்கு என்று பேச்சு வந்தது. ஒழுகிய குழாய் உங்களுடையது என்றேன். பார்க்காமல் ஜாக் போட்டது நீங்கள் என்றார். ஆளுக்கு ஒரு யூனிட் என்று முடிந்தது. ஜல்லியைத் தோண்டி எடுக்க வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும், இனிமேல் டிராக்டரை அதன் மேல் நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.