கண்டால் நம்புவேனா?

"நீ கண்ணால கண்டாலும் நம்பமாட்டாய் மச்சான்" என்று மெதடிஸ்த சபையைச் சேர்ந்த என் பால்ய நண்பன் சிரித்தபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. இஸ்ரவேலருக்காகச் செங்கடல் பிளந்ததை நேரில் கண்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன் என்று அதற்கு முன்தான் வாதாடியிருந்தேன். வீட்டில் வேதாகமத்தைப் புரட்டிய பிறகே, அவன் சொன்னது வசையன்று, வாசித்து அறிந்தது என்று விளங்கியது.

கடலைக் கால் நனையாமல் கடந்த சனங்களே, மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதித்ததும் பொன்னால் கன்றுக்குட்டி வார்த்து வணங்கினார்கள். பெத்தானியாவில், இறந்து நான்கு நாளான லாசரு இயேசு அழைத்ததும் கல்லறையை விட்டு எழுந்து வந்ததைக் கண்டவர்களில் பலர் நம்பினார்கள். சிலரோ நேரே, இயேசுவை எதிர்த்த பரிசேயரிடம் போய்ச் சொன்னார்கள். இதைச் சொல்லும் யோவான் சுவிசேஷத்தின் அடுத்த அதிகாரத்தில் பிரதான ஆசாரியர்கள் லாசருவையும் கொன்றுவிட ஆலோசிக்கிறார்கள். அவன் எழுந்ததை அவர்கள் மறுக்கவேயில்லை. அவர்களுக்கு அது ஆபத்தாக மட்டுமே பட்டது.

அதே அதிகாரத்தில் வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. நின்றவர்களில் சிலர் இடி முழங்கியது என்கிறார்கள், வேறு சிலர் தேவதூதன் பேசினான் என்கிறார்கள். இதை வாசித்தபோது எங்கள் மட்டக்களப்பு வாவிதான் நினைவுக்கு வந்தது. கல்லடிப் பாலத்தருகே ஒரு பூரணை இரவில் தோணியில் இருந்தபடி, துடுப்பை நீருக்குள் இறக்கி அதன் மறுமுனையில் காதை ஒட்டிக் கேட்டேன்: தம்புராத் தந்தியை யாரோ மெல்லத் தொட்டுவிட்டாற்போல் ஓர் ஒலி. தோணிக்காரர் மீன் பாடுகிறது என்றார், கூட வந்த ஆசிரியர் ஊரி என்னும் சிப்பியினம் என்றார், நான் பாறைகளுக்கிடையே ஓடும் நீர் என்றேன். தோணியில் ஏறுமுன்பே மூவரிடமும் விடை இருந்தது.

(கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல்நந்தி புல் தின்று சாணமிட்டுப் போர்த்துக்கேயப் பறங்கித் தளபதியை உதைத்த கதை இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அதைக் கண்ட வேறு பறங்கியர் எவரும் திருநீறு பூசியதாக நான் கேட்டதில்லை. என் நண்பன் அக்கதையை நம்புவதுமில்லை.)

அற்புதத்தைப் பற்றிய சாட்சியம் பொய்யாயிருப்பது அந்த அற்புதத்தைவிட நம்பமுடியாததாக இருந்தாலன்றி அதை ஏற்கலாகாது என்று ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இல் எழுதினார். அது பிறர் வாய்ச்சொல்லுக்கான அளவுகோல். நானோ என் கண்ணுக்கும் அதையே வைப்பேன். இரவு முழுவதும் பலத்த கீழ்காற்று வீசியதென்று வேதாகமத்தின் யாத்திராகமமே சொல்வதால், கடற்கரையில் நின்றிருந்தால் அந்தக் காற்றையே காரணமாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். நான் பாடை தூக்கிய ஒருவர் நான்காம் நாள் எழுந்து வந்து கஞ்சி கேட்டாலும், மரணச் சான்றிதழில் பிழை என்றுதான் முதலில் சொல்வேன்.

இதை ஒப்புக்கொண்டபோது நண்பன் வென்றுவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒன்றையும் காணாமலே நம்பியவன் தான் என்றும், கண்டால் என்ன ஆவோம் என்பது தனக்கும் தெரியாது என்றும் சொன்னான்.