கரையில் கிடைக்கிற பேச்சு

நீலகிரியில் எமரால்டு அணைக் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிற யாரிடமாவது போய் "என்னண்ணா, ஏதாவது மாட்டுச்சா?" என்று கேட்டால் போதும், அன்றைய பொழுதுக்கு ஒரு சொந்தம் கிடைத்துவிடும். எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று விசாரிப்பார், அப்புறம் தன் டப்பாவிலிருந்து மண்புழு எடுத்துக் கொடுப்பார். தூண்டில் போடுவது தனியாளின் பொழுதுபோக்கு என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள், எங்கள் பக்கம் அப்படி இருந்ததே இல்லை.

எனக்குச் சாதாக்கெண்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். 1939இல் ஊட்டி ஏரியில் கொண்டுவந்து விட்ட மீன் அது, இப்போது அணைகளிலும் பெருகிக் கிடக்கிறது. கவ்விய வேகத்தில் ஓடுகிற மீன் இல்லை. அடிமண்ணைக் கிளறிக்கொண்டே வரும், மாவு உருண்டையை வாய்க்குள் இழுக்கும், துப்பும், மறுபடி இழுக்கும். மேலே தக்கை லேசாக நடுங்கும். சில சமயம் அமுங்குவதற்குப் பதிலாக எழும்பித் தண்ணீரில் படுத்துவிடும், ஏனென்றால் மீன் இரையைத் தூக்கும்போது நூலில் கட்டிய ஈயக் குண்டையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது, தக்கையைக் கீழே இழுத்துப் பிடிக்கப் பாரம் இல்லாமல் போகிறது. அது பக்கவாட்டில் நகர ஆரம்பித்த பிறகுதான் சுண்ட வேண்டும். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "பொறு தம்பி, மோந்துதான் பாக்குது, இன்னும் வாயில போடல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பிடியை விட்டதும் சுண்டினேன். இதை விளக்குகிற நல்ல வீடியோக்கள் இன்று நிறைய இருக்கின்றன. ஆனால் அவசரப்படுகிற கையைப் பிடித்து நிறுத்த பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

செல்போனால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குன்னூரில் தனியாக அறை எடுத்து வேலை பார்க்கிற ஒரு தம்பி, கூட வர ஆள் இல்லாமல் தூண்டிலைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தவன், எங்கள் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் எங்களோடு சேர்ந்தான், இன்று என் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வருகிறான். குளிர்ந்த ஓடைகளில் வாழ்கிற ட்ரவுட் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும், காய்ந்த கை அதன் உடம்பு வழவழப்பை உரித்துவிடும் என்ற விஷயம் இவ்வளவு பேருக்குப் பரவியதும் செல்போனால்தான்.

என் மனதை அறுப்பது வேறு. இந்தக் கரைகளை நன்றாக அறிந்தவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. அந்தப் பெரியவரிடம் இருப்பது பட்டன் போன், எந்த மாதம் எந்த மூலையில் தண்ணீர் வற்றும், எங்கே மீன் ஒதுங்கும் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது, தட்டச்சில் இல்லை. குழுவில் அடித்துப் பேசுகிறவரோ போன மாதம்தான் தூண்டில் ரீல் வாங்கியவர். புதிதாக வருகிற பிள்ளைகள் கரைக்கு வந்த பிறகும் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற பெரியவரைக் கேட்காமல் போனைக் கேட்கிறார்கள். அவரும் வலியப் போய்ப் பேசுகிறவர் இல்லை. இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிறார்கள், எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ட்ரவுட் விஷயத்தில் பேச்சுக் குறைந்ததன் பாதிப்பு மீனுக்கே போகிறது. 1863இல் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர் இந்த மீனை வெளிநாட்டிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று பார்த்தார், முடியவில்லை. பிறகு மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் காலத்தில், 1907இல், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. மீனைக் காக்க 1879லேயே நீலகிரிக்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வேட்டைச் சங்கத்தின் துரைத்தனத்தை நான் கொண்டாடவில்லை, ஆனால் ஆளாளுக்குப் போய் அள்ளினால் இந்த மீன் தாங்காது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. குளிர்ந்த, ஓடுகிற, சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் ட்ரவுட் இல்லை. குளிர்மாதங்களில் ஓடைச் சரளைக் கல்லுக்குள்தான் முட்டை போடும், அதன்மேல் நாலு பேர் நடந்தாலே முட்டை நசுங்கும். முன்பு ஓர் ஓடையின் பெயரைச் சொல்வதற்கு முன் ஆளைப் பல மாதம் பழகிப் பார்ப்பார்கள், இடத்தோடு சேர்த்து அதன் கட்டுப்பாட்டையும் சொல்லி அனுப்புவார்கள். இப்போது பின்னால் தெரிகிற பாறையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு போட்டோ, அடுத்த ஞாயிறு வரிசையாகக் கார்கள், திங்கட்கிழமை பாட்டிலும் அறுந்த தூண்டில் நரம்பும். வனத்துறை கெடுபிடியை இறுக்கினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் எங்கள் குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அணையில் கெண்டை பிடிப்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், பெரிய தண்ணீர், தாங்கும். ஓடைப் பெயர் மட்டும் எழுதக் கூடாது, ட்ரவுட் போட்டோவில் மீனும் கையும் தவிர எதுவும் தெரியக் கூடாது. எங்கே என்று கேட்கிறவருக்கு ஒரே பதில், ஞாயிற்றுக்கிழமை அணைக் கரைக்கு வாருங்கள். சிலருக்குக் கோபம், அறிவைப் பூட்டி வைக்கிறோம் என்கிறார்கள். வந்தவர் யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லையே, பூட்டு எங்கே இருக்கிறது?

வருகிறவர்கள் மீன்வளத்துறை அனுமதிச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். காலையில் பனி விலக நேரமாகும், ஸ்வெட்டர் வேண்டும். இரை எங்களிடம் இருக்கும். பெரியவர் வழக்கமாகக் கரையின் இடது கோடியில் உட்கார்ந்திருப்பார், முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.