குற்றவாளியாக நடிப்பவரிடம் என்ன சொல்வது?

மர்மப் படத்தில் உதவி இயக்குநருக்கு எழுத்து வேலை அதிகம். மற்ற படங்களில் கன்டின்யூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி பிசகாமல் இருக்க, சட்டை, காயம், கடிகாரம் இவற்றைக் குறித்தால் பெரும்பாலும் போதும். இங்கே ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன தெரியும், யாரிடம் எதை மறைக்கிறார் என்றும் எழுதி வைக்க வேண்டும். கதை வரிசையில் படப்பிடிப்பு நடக்காதே! காலையில் கைதுக் காட்சி, மதியம் முதல் சந்திப்பு என்று வரும்.

நான் வேலை பார்த்த இயக்குநர், குற்றவாளியாக நடிப்பவரிடம் "மறைத்து நடியுங்கள்" என்று சொல்லவே மாட்டார். அப்படிச் சொன்னால் முகத்தில் கள்ளத்தனம் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பதிலாக வேறொரு கவலையைக் கொடுப்பார். போலீஸ் விசாரணைக் காட்சியில், "மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம், நீங்கள் கிளம்பியாக வேண்டும்" என்பார். முதல்முறை பார்க்கும்போது அது ஒரு தகப்பனின் அவசரம். முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் மாட்டிக்கொள்ளாமல் நழுவும் அவசரம். இரண்டுமே உண்மை. இந்த வகைப் படங்களில் நான் பெரிதும் மதிக்கும் நடிப்பு இதுதான்.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில், தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு இறக்கிறார். அப்புறம் விசாரணையில் ஒவ்வொருவர் சொல்வதிலும் அவர் உயிரோடு வருகிறார். பாட்டே இல்லாத அந்தப் படத்தை அவருடைய நடிப்புக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எடிட்டிங்கில் வேறு கணக்கு. நொடிக்கு 24 ஃபிரேம். சந்தேகத்துக்குரிய மூன்று பேர் ஒரு செய்தியைக் கேட்கிறார்கள் என்றால், ஒருவர் முகத்தில் மட்டும் 12 ஃபிரேம் கூடுதலாக நின்றாலே பார்ப்பவர் கண் அங்கே ஒட்டிக்கொள்ளும். எங்கள் இயக்குநர் அந்தக் கூடுதல் அரை நொடியைக் குற்றமற்ற ஒருவருக்குக் கொடுப்பார். ஆனால் அந்த ஆளுக்கும் பதற ஒரு காரணம் கதையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது ஏமாற்று வேலை என்பதில் அவர் கறாராக இருந்தார்.

பலரும் கவனிக்காத ஆபத்து டப்பிங்கில் இருக்கிறது. கிளைமாக்ஸ் வரை நடித்து முடித்துவிட்டு வரும் நடிகர், ஆரம்பக் காட்சியின் சாதாரண "வாங்க, உட்காருங்க"வைக்கூட ஒரு கனத்தோடு சொல்லிவிடுவார். படமெடுத்தபோது இல்லாத கனம் அது. அதனால் ஸ்பாட்டில் பதிவான பைலட் ஒலியை முதலில் போட்டுக் கேட்க வைப்போம். அந்தக் குரல் திரும்பி வரும்வரை அடுத்த வசனத்துக்குப் போகமாட்டோம்.