சலப்பைக் கிளினிக்குக்குக் கொப்பி இல்லாமல் போகாதேங்கோ

அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா சலம் முட்டுற வருத்தத்துக்கு அலைஞ்சு, இப்பதான் ஒரு விடை கிடைச்சிருக்கு: சலப்பையின்ர உணர்வு நரம்பு அளவுக்கு மிஞ்சி விழிப்பா நிக்குதாம். சீனி இல்ல, கிருமி இல்ல, ஸ்கானும் சுத்தம். வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் பரவினாப்பிறகு, வன்னியில சலத்தில என்ன கோளாறெண்டாலும் சனம் கிட்னி எண்டுதான் பயப்பிடுத்தும்.

துண்டு குடுக்கிறவர் கல்ச்சர் ரிப்போட், அதுதான் சலத்தில கிருமி இருக்கோ எண்டு பாக்கிற சோதனை, இல்லாமல் உள்ள விடமாட்டன் எண்டார். ரிப்போட் கிடந்தது அதே வளவுக்குள்ள இருக்கிற லாப்பில! நான் போக லாப் யன்னல் பூட்டியாச்சு. மாங்குளத்தில பஸ் மாறி, வழியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்ததுக்கு அவ்வளவுதான் மரியாதை.

பிறகு ரிப்போட்டோட போனால், டொக்டர் அதைப் பிரட்டியும் பாக்கேல்ல. "எத்தினை மணிக்கு எவ்வளவு போகுது எண்டு எழுதின கொப்பி எங்க?" எண்டார். அப்பிடி ஒண்டு வேணுமெண்டு முதலே ஆரும் வாய் திறக்கேல்ல.

ஆனபடியால் நீங்கள் எழுதிக்கொண்டே போங்கோ. மூண்டு நாள், இரவும் சேர்த்து. மில்லிலீற்றர் கோடு போட்ட ஜக் காணும். குடிச்சதையும் எழுதோணும். வளர்ந்த ஆளின்ர சலப்பை 300 முதல் 500 மில்லிலீற்றர் பிடிக்கும். என்ர கொப்பியில அனேகமா 100தான். அதைக் கண்டாப்பிறகுதான் டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு விளங்கப்படுத்தினார்.

சலப்பை நிரம்பிறதை வழமையாச் சொல்லுறது ஏ-டெல்ரா எண்ட வகை நரம்பிழையள். சி-இழையள் எண்ட மற்ற வகையில கனக்க சும்மா கிடக்கும். கிருமியோ எரிச்சலோ வந்தால் எழும்பிவிடும், கிருமி போனாப்பிறகும் சிலருக்கு அடங்காது. மிளகாய்க் காரத்தை நாக்கில உணர்ற அதே ஏற்பி (தூண்டலைப் பிடிக்கிற புரதம்), டி.ஆர்.பி.வி.1, இந்த இழையளிலயும் இருக்கு. 2021 மருத்துவ நோபலில பாதி அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியசுக்குத்தான். சலப்பையின்ர உட்சவ்வும் இழுபடேக்க ஏ.டி.பி. எண்ட இரசாயனத்தை வெளிய விட்டு நரம்பைத் தூண்டுமாம். மனப்பிரமை எண்டு சொன்ன சொந்தக்காரருக்கு இதை ஆறுதலா வாசிச்சுக் காட்டினன்!

தண்ணியைக் குறை எண்டு ஆரும் சொன்னால் கேளாதேங்கோ, தடிச்ச சலம் இன்னும் எரிச்சலாக்கும். தேத்தண்ணியைக் குறையுங்கோ. முட்டினவுடன ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாப் பிந்திப் போய்ப் பழகச் சொன்னவை. குளிசை சிலதுக்கு வாய் காயும், மலம் இறுகும். கண் அழுத்தம் இருந்தால் முதலே சொல்லுங்கோ. சலத்தில ரத்தம், காய்ச்சல் எண்டால் கொப்பி, துண்டு ஒண்டும் பாக்காமல் உடனே காட்டுங்கோ.

போன கிழமை மாங்குளத்தில இருந்து வவுனியா மட்டும் இறங்காமலே போனன்.

கொப்பியைப் போனில படம் பிடிச்சு வையுங்கோ. என்ரயை கிளினிக்கில வாங்கி வைச்சவை, இன்னும் திருப்பித் தரேல்ல.